குழந்தைகள் இல்லம்

நுழையும்முன்

குழந்தையைப் பள்ளியில் சேர்த்த நாளோடு வீட்டின் கடமை முடிந்துவிட்டதாக எண்ணும் பெற்றோர் உளர். வீட்டில் நிகழ்வது தமக்குத் தொடர்பற்றது எனக் கருதும் பள்ளிகளும் உள. இவ்விரண்டுக்கும் நடுவில் தனித்து நிற்பது குழந்தையே. பெற்றோரும் ஆசிரியரும் ஒன்றுபட்டால்தான் மழலைக் கல்வி வேர்பிடிக்கும் என்பதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே செயலில் காட்டியவர் மரியா மாண்டிசோரி. இத்தாலியில் பிறந்து, தம் முதுமையின் ஒரு பகுதியைத் தமிழ் மண்ணில் கழித்த அப்பெருமாட்டியின் வாழ்க்கை வரலாறு இப்பாடமாக அமைகிறது.

மருத்துவரான மாணவி

இத்தாலி நாட்டின் அன்கோனா மாநிலத்தில் உள்ள கியாரவல்லே என்னும் சிற்றூரில் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள் மரியா மாண்டிசோரி பிறந்தார். தந்தை அலெசாந்திரோ அரசு அலுவலர், கட்டுப்பாடு மிக்கவர். தாய் ரெனில்டே நூல்களை விரும்பிக் கற்றவர். பெண்கள் எழுத்தறிவு பெறுவதே அரிதாக இருந்த அக்காலத்தில், தம் மகள் எவ்வளவு உயரக் கற்க விரும்பினாலும் கற்கட்டும் என எண்ணியவர் அவர். 1875-இல் அக்குடும்பம் உரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது.

பெண்கள் கல்வியில் முன்னேறினால் ஆசிரியப் பணியோடு நின்றுவிட வேண்டும் என்பது அந்நாளைய எண்ணம். மரியாவோ முதலில் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் மருத்துவம் பயில விழைந்தார். தந்தை இசையவில்லை, தாய் துணை நின்றார். 1890-இல் உரோம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மரியா, தொடக்கத்தில் இயற்கை அறிவியலைக் கற்று, அதன் வழியாக மருத்துவப் படிப்பில் நுழைந்தார். ஆண் மாணவர்களோடு ஒரே அறையில் நின்று உடற்கூறு பயில்வது பெண்ணுக்குத் தகாது எனக் கருதப்பட்டமையால், மற்றவர்கள் வெளியேறிய பின்னர் மாலை வேளையில் தனியே பிணவறையில் அமர்ந்து அவர் கற்க நேர்ந்தது. 1896-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மருத்துவப் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவராக விளங்கினார். மகளின் படிப்பை ஏற்காதிருந்த தந்தை, பிற்காலத்தில் அவரைப் பற்றிச் செய்தித்தாள்களில் வந்தவற்றை எல்லாம் வெட்டித் தொகுத்துப் பாதுகாத்தார்.

தரையில் துழாவிய கைகள்

பட்டம் பெற்றபின் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பிரிவில் மரியா பணியாற்றினார். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகள் அந்நாளில் மனநோயாளரோடு ஒரே காப்பகத்தில் அடைத்து வைக்கப்பட்டனர். உணவு முடிந்தபின் அக்குழந்தைகள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைத் துழாவி எடுப்பதைக் காப்பகப் பணியாளர் அருவருப்போடு சுட்டிக்காட்டினர். மரியா அந்த அறையைச் சுற்றி நோக்கினார். குழந்தையின் கைக்கு எட்டும்படியாக அங்கே ஒரு பொருளும் இல்லை. அக்கைகள் தேடியது உணவை அன்று; தொட்டு, உருட்டி, அறிந்துகொள்ள ஏதேனும் ஒரு பொருளை என்பதை அவர் உணர்ந்தார்.

அவ்வுணர்வு அவரை மருத்துவத்திலிருந்து கல்வியை நோக்கித் திருப்பியது. பிரெஞ்சு மருத்துவர்களான இத்தார், செகேன் ஆகியோரின் நூல்களைத் தேடிப் பயின்றார். அவற்றைத் தம் கையாலேயே இத்தாலிய மொழியில் எழுதிப் படித்தார். 1900-ஆம் ஆண்டு உரோமில் தொடங்கப்பெற்ற சிறப்புக் கல்விப் பயிற்சிப் பள்ளியின் இயக்குநர்களுள் ஒருவராகப் பொறுப்பேற்றார். காலை முதல் மாலை வரை குழந்தைகளோடு இருப்பார்; இரவில் அன்றைய குறிப்புகளை எழுதி ஆராய்வார். கற்க இயலாதவர் என ஒதுக்கப்பட்ட அக்குழந்தைகளுள் சிலர், ஏனைய குழந்தைகள் எழுதும் பொதுத் தேர்வை எழுதித் தேறினர். ஊரார் வியந்தனர், மரியாவோ வேறொன்றை எண்ணிக் கவலையுற்றார். உடலும் உள்ளமும் நலமாக உள்ள குழந்தைகள், வளர்ச்சி குன்றிய குழந்தைகளோடு ஒப்பிடும் அளவிற்குத் தாழ்ந்து நிற்பானேன்? குறை குழந்தையிடம் இல்லை. கற்பிக்கும் முறையில் உள்ளது என அவர் முடிவு செய்தார்.

தாயின் மறைந்த துயரம்

இவ்வெற்றிகளுக்கு நடுவே மரியாவின் வாழ்வில் பிறர் அறியாத துயரம் ஒன்று இருந்தது. உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவரோடு ஏற்பட்ட அன்பு, திருமணத்தில் நிறைவுறவில்லை. 1898-ஆம் ஆண்டு மார்ச்சு 31-இல் அவருக்கு மாரியோ என்னும் மகன் பிறந்தான். மணமாகாத தாயை அக்காலச் சமூகம் ஏற்காது. அவருடைய பணியும் அத்தோடு முடிந்துவிடும். ஆதலால் அக்குழந்தை உரோமுக்கு அப்பாலுள்ள சிற்றூரில் வேறொரு குடும்பத்தாரிடம் வளர்க்கக் கொடுக்கப்பட்டது. மரியா அவ்வப்போது அங்குச் சென்று மகனைக் கண்டு வந்தார். தம்மைக் காண வரும் அப்பெண்மணி யார் என்பது அச்சிறுவனுக்குச் சொல்லப்படவில்லை.

உலகத்துக் குழந்தைகளுக்கு எல்லாம் வழிகாட்டியவர், தம் மகனின் முதல் நடையையும் முதற்சொல்லையும் உடனிருந்து காணும் பேறு பெறவில்லை. பெற்றோர் தம் குழந்தையை அருகிருந்து காண வேண்டும் என்று பின்னாளில் அவர் வற்புறுத்தியபோது, அதை இழந்தவரின் வலியையும் அவர் அறிந்தே இருந்தார்.

சான் லொரென்சோவில் ஓர் அறை

உரோம் நகரில் சான் லொரென்சோ என்னும் பகுதி உண்டு. கட்டுமானத் தொழில் பெருகிய காலத்தில் அங்கே அடுக்குமாடிக் கட்டடங்கள் எழும்பின. தொழில் நொடித்தபோது அவை பாதியில் கைவிடப்பட்டன. வேலை தேடி நகருக்கு வந்த ஏழை மக்கள் அவற்றில் நெருக்கியடித்துக் குடியேறினர். பின்னர் ஒரு கட்டட நிறுவனம் அவற்றைச் சீர்திருத்தி, தொழிலாளர் குடும்பங்களுக்கு வாடகைக்கு அளித்தது. தாயும் தந்தையும் விடியலில் வேலைக்குச் சென்றனர். அண்ணன்மாரும் அக்காள்மாரும் பள்ளிக்குச் சென்றனர். பள்ளி வயதை எட்டாத குழந்தைகள் கேட்பாரற்று மாடிப்படிகளில் திரிந்தனர். புதிதாகப் பூசிய சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினர்.

சுவர்களைக் காக்க வழி தேடிய நிறுவனத் தலைவர் எதுவார்தோ தாலமோ, அக்குழந்தைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மரியாவிடம் ஒப்படைத்தார். 1907-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் அவ்வறை திறக்கப்பட்டது. மூன்று முதல் ஏழு வயதிற்கு உட்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ ஐம்பதின்மர், அச்சத்தோடும் அழுகையோடும் அங்கே வந்து நின்றனர். அதற்குக் காசா தெய் பம்பீனி, அதாவது குழந்தைகள் இல்லம் எனப் பெயர் சூட்டப்பட்டது.

பள்ளி என்று அழைக்காமல் இல்லம் என்று அழைத்தது பொருள் பொதிந்தது. குழந்தையின் உயரத்திற்கேற்ற மேசைகளும் நாற்காலிகளும், குழந்தையே திறந்து மூடத்தக்க தாழ்வான அலமாரிகளும் செய்யப்பட்டன. காப்பகத்தில் பயன்படுத்திய மர உருளைகள், வண்ணப் பலகைகள், வடிவத் துண்டுகள் முதலியவை அடுக்கி வைக்கப்பட்டன. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெறாத பெண் ஒருவரே முதலில் அமர்த்தப்பட்டார். கற்பிப்பதைக் காட்டிலும் உற்றுநோக்குவதே அவருக்கு இடப்பட்ட முதற்பணி.

சில திங்களில் மாற்றங்கள் தென்பட்டன. அன்பளிப்பாக வந்த அழகிய பொம்மைகளைக் குழந்தைகள் ஒதுக்கிவிட்டுக் கருத்தோடு செய்யத்தக்க வேலைகளை நாடினர். சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றிற்குரிய குழிகளில் பொருத்தி எடுப்பதை நாற்பது முறைக்கு மேல் இடைவிடாது செய்தாள். சுற்றிலும் பிள்ளைகள் பாடியும் ஆடியும் அவள் கவனம் கலையவில்லை. தானே தேர்ந்த வேலையில் குழந்தை ஆழ்ந்து ஒன்றும் என்பதற்கு அந்நிகழ்ச்சி மரியாவுக்குச் சான்றாயிற்று. கை கழுவுதல், தலை வாருதல், உணவு பரிமாறுதல், அறையைத் துப்புரவு செய்தல் ஆகியனவும் அங்கே பாடங்களாயின.

சுவரில் எழுதிய விதிகள்

குழந்தைகள் இல்லத்தின் சுவரில் விதிமுறைகள் சில எழுதி வைக்கப்பட்டிருந்தன. அவை குழந்தைகளுக்கு உரியன அல்ல, பெற்றோர்க்கு உரியன.

இல்லத்திற்குக் கட்டணம் எதுவும் இல்லை. ஆனால் பெற்றோர்க்குக் கடமைகள் உண்டு. குறித்த நேரத்தில் குழந்தையை அனுப்ப வேண்டும். உடலும் உடையும் தூய்மையாக இருக்க வேண்டும். இல்லத்தின் ஆசிரியரை மதித்து, குழந்தையின் கல்வியில் அவரோடு ஒத்துழைக்க வேண்டும். தாய் வாரம் ஒருமுறையேனும் ஆசிரியரைக் கண்டு உரையாட வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது. வீட்டில் குழந்தை எவ்வாறு உண்கிறது, உறங்குகிறது, எதற்கு அழுகிறது என்பதைத் தாய் சொல்வார். இல்லத்தில் அது எதை விரும்பிச் செய்கிறது, எதில் தயங்குகிறது என்பதை ஆசிரியர் சொல்வார். குழந்தையின் நாளில் ஒரு பாதியைத் தாய் அறிவார். மறு பாதியை ஆசிரியர் அறிவார். இரண்டும் சேர்ந்தால்தான் குழந்தை முழுமையாகத் தெரியும்.

ஆசிரியருக்கும் கடமை இருந்தது. அவர் அதே கட்டடத்திலேயே குடியிருத்தல் வேண்டும் என மரியா விரும்பினார். பணி நேரம் முடிந்ததும் வேறொரு தெருவுக்குச் சென்று மறையும் ஆசிரியராக இல்லாமல், அம்மக்களின் அண்டை வீட்டாராக, அவர்தம் இன்ப துன்பங்களை அறிந்தவராக ஆசிரியர் வாழ வேண்டும் என்பது அதன் நோக்கம். குழந்தையின் எடை வாரந்தோறும், உயரம் திங்கள்தோறும் அளக்கப்பட்டன. பெற்றோரின் தொழிலும் குடும்ப நிலையும் குழந்தையின் வளர்ச்சிக் குறிப்பேட்டில் இடம்பெற்றன.

இவற்றைக் காட்டிலும் புதுமையான மற்றொன்றும் உண்டு. அவ்வில்லம் பெற்றோரின் பொதுச் சொத்தாகக் கருதப்பட்டது. முன்பு சுவர்களைச் செப்பனிடச் செலவான தொகையே இல்லத்தை நடத்தப் பயன்பட்டது. தாங்கள் செலுத்தும் வாடகையில் ஒரு பகுதியே தம் குழந்தைகளின் கல்வியாக மாறுகிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருந்தனர். ஆதலால் எவ்வேளையிலும் தாய் உள்ளே வரலாம். ஓரமாக நின்று தன் குழந்தையைக் காணலாம். பிறர் இரக்கத்தால் கிடைத்த உதவியைப் பெறுபவராக இல்லாமல், இல்லத்திற்கு உரியவராக அவர்கள் அங்கே வந்தனர்.

அவ்விதிகளுள் கடுமையானவையும் இருந்தன. தூய்மையின்றி வரும் குழந்தைகளையும், ஆசிரியரை மதியாத பெற்றோரின் குழந்தைகளையும் விலக்கலாம் என்பது அவற்றுள் ஒன்று. பெற்றோரின் பிழைக்காகக் குழந்தையை வெளியேற்றுவதை இன்றைய கல்விச் சிந்தனை ஏற்பதில்லை. ஒத்துழைப்பு, அச்சுறுத்தலால் நிலைபெறுவதன்று. சான் லொரென்சோவில் அது எவ்வாறு நிலைபெற்றது என்பதைப் பின்வரும் நிகழ்ச்சி விளக்கும்.

தாயர் கேட்ட எழுத்து

மழலைப் பருவத்தில் எழுத்தறிவிக்கும் எண்ணம் தொடக்கத்தில் மரியாவுக்கு இல்லை. ஆறு வயதிற்கு முன் எழுதக் கற்பித்தல் கூடாது என்னும் அக்காலக் கருத்தே அவரிடமும் இருந்தது. அவ்வாறிருக்க, தாய்மார் சிலர் அனைவர் சார்பிலும் அவரிடம் வந்தனர். அவர்கள் எழுதப் படிக்க அறியாதவர்கள். தங்களுக்குக் கிட்டாத எழுத்தறிவைத் தங்கள் குழந்தைகளுக்கேனும் வழங்க வேண்டும் என வேண்டினர்.

மரியா தயங்கினார், ஆயினும் அவ்வேண்டுகோளைப் புறக்கணிக்கவில்லை. சொரசொரப்பான உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டச் செய்தார். குழந்தைகள் விரலால் அவ்வெழுத்துகளைத் தடவி, அவற்றின் ஒலியைச் சொல்லிப் பழகினர். சில திங்கள் சென்றன. 1907-ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள் சிறுவன் ஒருவன் சுண்ணக்கட்டியால் தரையில் ஒரு சொல்லை எழுதினான். எழுதத் தெரிந்துவிட்டது எனக் கூவினான். அவனைத் தொடர்ந்து மற்றவர்களும் எழுதத் தொடங்கினர். இல்லத்தில் மூண்ட அவ்வார்வம் வீடுகளுக்கும் பரவியது. வீட்டுத் தரையிலும் ரொட்டியின் மேற்புறத்திலுங்கூடக் குழந்தைகள் எழுதுவதைக் கண்ட தாய்மார், தாளும் பென்சிலும் வாங்கித் தந்தனர்.

புகழ்பெற்ற இக்கற்பித்தல் முறை தனியொருவர் ஆய்வறையில் மட்டும் பிறந்ததன்று. எழுத்தறியாத தாயரின் விருப்பம் அதற்கு வித்திட்டது. ஆசிரியரின் அறிவு அதற்கு வடிவம் தந்தது. பெற்றோர் சொல்வதைக் கேட்கும் பணிவு ஆசிரியரிடம் இருந்தமையால் அது நிகழ்ந்தது.

மாற்றம் ஒருவழியாக மட்டும் நிகழவில்லை. இல்லத்தில் கை கழுவப் பழகிய குழந்தை வீட்டிலும் தண்ணீர் கேட்டது. ஒழுங்காக அடுக்கப் பழகிய குழந்தை வீட்டுப் பொருள்களையும் அடுக்க முற்பட்டது. மெல்ல மெல்ல வீடுகள் தூய்மை பெற்றன. உடைந்த கலங்கள் கிடந்த சன்னல்களில் பூச்செடிகள் இடம்பிடித்தன.

உலகப் புகழும் மகனின் வருகையும்

குழந்தைகள் இல்லத்தைக் காணப் பல நாடுகளிலிருந்தும் அறிஞர்கள் வந்தனர். 1909-இல் மரியா தம் கல்வி முறையை நூலாக வெளியிட்டார். 1912-இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு அமெரிக்காவில் பெரும் வரவேற்பைப் பெற்றது. அதே ஆண்டின் இறுதியில் தாய் ரெனில்டே மறைந்தார். அதன்பின் 1913-இல், பதினைந்து வயது மாரியோ தம் தாயிடம் வந்து சேர்ந்தார். அன்று முதல் இருவரும் பிரியாது பணியாற்றினர். எனினும் மாரியோ அவர்தம் மகன் என்பது வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. உறவினர் என்றோ வளர்ப்பு மகன் என்றோதான் உலகம் அறிந்திருந்தது.

1915-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் நிகழ்ந்த உலகக் கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் கொண்ட வகுப்பறை ஒன்று அமைக்கப்பட்டது. மக்கள் வெளியே நின்று, தம்மை மறந்து கற்கும் குழந்தைகளைக் கண்டு வியந்தனர். 1929-இல் பன்னாட்டு மாண்டிசோரி சங்கம் தொடங்கப்பட்டது. 1931-இல் இலண்டன் வந்திருந்த காந்தியடிகள் மரியாவைச் சந்தித்து, அவர்தம் பயிற்சிக் கல்லூரியில் உரையாற்றினார்.

இத்தாலியில் முசோலினியின் அரசு முதலில் மாண்டிசோரிப் பள்ளிகளை ஆதரித்தது. மரியாவும் அவ்வாதரவை ஏற்றுச் சில ஆண்டுகள் பணியாற்றினார். ஆனால் குழந்தைகளை ஆட்சியின் கருவிகளாக வார்க்க முற்பட்ட அரசோடு அவர் கொள்கை ஒத்துப்போகவில்லை. 1934-இல் அவர் இத்தாலியை விட்டு வெளியேறினார். அங்கிருந்த அவர்தம் பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினில் தங்கியிருந்தபோது 1936-இல் அங்கு உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்தும் வெளியேறி, நெதர்லாந்தில் அடைக்கலம் புகுந்தார்.

அடையாறும் கோடைக்கானலும்

சென்னை அடையாற்றில் உள்ள பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர்தம் துணைவியார் ருக்மிணி தேவியும் மரியாவை இந்தியாவுக்கு அழைத்தனர். 1939-ஆம் ஆண்டு நவம்பரில் தம் அறுபத்தொன்பதாம் வயதில் மாரியோவோடு அவர் சென்னை வந்து சேர்ந்தார். அடையாற்றுத் தோப்பில் ஓலைக் கொட்டகைகளில் முதல் பயிற்சி வகுப்பு தொடங்கியது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ முந்நூறு பேர் வந்து பயின்றனர். மரியா இத்தாலிய மொழியில் பேசுவார். மாரியோ அதனை ஆங்கிலத்தில் எடுத்துரைப்பார்.

சில திங்களே தங்குவதாக வந்தவரை இரண்டாம் உலகப் போர் இங்கேயே நிறுத்தியது. 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியதும், இந்தியாவிலிருந்த இத்தாலியர் பகை நாட்டினராகக் கருதப்பட்டனர். மாரியோ கைது செய்யப்பட்டு அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். மரியா அடையாற்று வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது எனக் கட்டுப்படுத்தப்பட்டார். பதினைந்து ஆண்டுகள் மகனைப் பிரிந்திருந்த தாய், முதுமையில் மீண்டும் அவரைப் பிரிந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 31-இல் மரியாவின் எழுபதாம் பிறந்தநாள் வந்தது. அந்நாளில் மாரியோவை விடுவிப்பதாக அரசப் பிரதிநிதியிடமிருந்து தந்தி கிடைத்தது. அத்தந்தி அவரை மரியாவின் மகன் என்றே குறிப்பிட்டது. உலகின் முன் சொல்ல இயலாதிருந்த உறவு, போர்க்காலத்துத் தந்தி ஒன்றில் வெளிப்பட்டது.

1942 முதல் இரண்டாண்டுகள் போல் மரியா கோடைக்கானலில் வாழ்ந்தார். அங்கே வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒன்றாகக் கற்ற சிறு பள்ளியை நடத்தினார். மரம், பாசி, பூச்சி, மலைநீர் என மலையே அங்குப் பாடநூலாயிற்று. 1944-இல் இலங்கைக்குச் சென்றும் பயிற்சி அளித்தார். 1946-இல் ஐரோப்பா திரும்பிய அவர், விடுதலை பெற்ற இந்தியாவுக்கு மீண்டும் வந்து 1949 வரை பணியைத் தொடர்ந்தார். அவரிடம் நேரடியாகப் பயின்ற இந்திய ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்.

இந்தியாவில் தங்கிய காலத்தில் அவர் சிந்தனை குழந்தையின் முதல் மூன்று ஆண்டுகளை நோக்கிச் சென்றது. இடுப்பில் அமர்ந்து தாயோடு எங்கும் செல்லும் குழந்தை, கடைத்தெருவையும் மக்களின் பேச்சையும் வண்ணங்களையும் தானே உள்வாங்குகிறது. யாரும் இலக்கணம் கற்பிக்காமலே தாய்மொழியைப் பேசத் தொடங்குகிறது. இக்கருத்துகளை விளக்கும் உள்வாங்கும் மனம் என்னும் பொருளுடைய அவர்தம் நூல் 1949-இல் அடையாற்றிலிருந்து வெளிவந்தது. பள்ளிக்கு வருமுன்பே குழந்தை இத்துணை கற்றுவிடுகிறது எனில், அதன் முதல் ஆசிரியர் பெற்றோரே ஆவர். பள்ளி ஆசிரியர் தொடங்கி வைப்பவர் அல்லர். பெற்றோர் தொடங்கியதைத் தொடர்பவர்.

1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் நெதர்லாந்தின் கடலோர ஊரான நூர்ட்வைக்கில் மரியா மாண்டிசோரி மறைந்தார். தம் விருப்புறுதி ஆவணத்தில் மாரியோவை மகன் என்றே அவர் எழுதியிருந்தார்.

தெரியுமா?

1990-ஆம் ஆண்டு இத்தாலியில் வெளியிடப்பட்ட ஆயிரம் லிரா பணத்தாளில் மரியா மாண்டிசோரியின் உருவம் இடம்பெற்றது. 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அமைதிக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது.

நம் ஊர் முற்றத்தில்

தொழிலாளர் குடியிருப்பில் கட்டணமின்றிப் பிறந்த கல்வி முறை, இன்று பல நாடுகளில் பொருள்வளம் மிக்கோர் மட்டுமே எட்டத்தக்க பள்ளிகளின் பெயர்ப்பலகையாகவும் மாறியுள்ளது. விலையுயர்ந்த கருவிகளைக் காட்டிலும் தாயும் ஆசிரியரும் நடத்தும் வாராந்தர உரையாடலே அம்முறையின் உயிர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அவ்வுரையாடலுக்குப் பணம் தேவையில்லை. அது நிகழத்தக்க இடங்கள் நம் ஊர்களிலேயே உள்ளன.

1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இந்தியாவில் தொடங்கப்பட்டது. அதன்வழி அமைந்தவையே அங்கன்வாடி மையங்கள். 2019-இல் தமிழ்நாட்டு அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2381 அங்கன்வாடி மையங்களில் மாண்டிசோரி முறையிலான மழலையர் வகுப்புகள் தொடங்கப்பட்டன. அடையாற்று ஓலைக் கொட்டகையில் கற்பிக்கப்பட்ட முறை, எண்பது ஆண்டுகள் கழித்து அங்கன்வாடிக்கு வந்து சேர்ந்தது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சின்னசேலம் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். மக்காச்சோளமும் மரவள்ளியும் பருத்தியும் விளையும் நிலம் அது. களையெடுப்பு, அறுவடைக் காலங்களில் தாய்மார் விடிந்ததும் காட்டுவேலைக்குச் செல்வர். அப்பால் உயரும் கல்வராயன் மலை ஊர்களில், வேலை தேடித் தொலைவிடங்களுக்குச் செல்லும் குடும்பங்களும் உண்டு. குழந்தைகள் பாட்டி தாத்தாவின் பொறுப்பில் வளர்வர். சான் லொரென்சோவின் மாடிப்படியில் திரிந்த குழந்தைக்கும், இங்கே திண்ணையில் தனித்திருக்கும் குழந்தைக்கும் நேர்ந்துள்ள நிலை ஒன்றே. பெற்றோர்க்கு அன்பு குறைவதனால் அன்று. உழைப்பு அவர்களை வெளியே அழைப்பதனால் அந்நிலை நேர்கிறது.

இத்தகைய ஊரில் அங்கன்வாடிப் பணியாளர் குழந்தையை எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் குறிக்கிறார். வீடுகளுக்கும் சென்று தாய்மாரோடு பேசுகிறார். சான் லொரென்சோவின் குறிப்பேடும், அண்டை வீட்டாராக வாழ்ந்த ஆசிரியரும் நம் ஊரில் வேறு பெயரோடு இருக்கின்றனர். மாலையில் குழந்தையை அழைத்துச் செல்ல வரும் பாட்டி, இன்று பேரன் என்ன செய்தான் எனக் கேட்கலாம். மலையில் அவன் கேட்டு வளர்ந்த கதையையும் பாட்டையும் பணியாளர் அவரிடம் கேட்டறியலாம். பகல் முழுதும் காட்டில் உழைக்கும் தாயால் பகற்பொழுதில் மையத்திற்கு வர இயலாது. அவர் வரத்தக்க நேரத்தை மையம் அறிந்துகொள்ளுதல் வேண்டும். வாராத பெற்றோரை அக்கறையற்றவர் எனத் தீர்ப்பிடுவது எளிது. வர இயலாமைக்குரிய காரணத்தை வினவுவதே கல்வி.

பெற்றோரின் பங்கைச் சட்டமும் ஏற்றுள்ளது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். பள்ளி பெற்றோரின் பொதுச் சொத்து என்னும் சான் லொரென்சோவின் கருத்துக்கு இச்சட்டம் அணுக்கமானது. ஆயினும் சட்டம் இருக்கையை அளிக்குமேயன்றி, உரையாடலை அளிக்க இயலாது. கூட்டத்தில் கையொப்பமிட்டுத் திரும்பும் பெற்றோர், தம் கருத்தைச் சொல்லும் பெற்றோராக மாறும் நாளில்தான் அச்சட்டம் உயிர்பெறும்.

மரியா மாண்டிசோரி அறிவியல் அறிஞர். ஆயினும் எழுத்தறியாத தாயரின் வேண்டுகோளுக்குச் செவிசாய்த்தார். அத்தாயரும் தம் குழந்தையைப் பிறரிடம் விட்டதோடு ஒதுங்கிவிடாமல், வந்து பார்த்தனர், கேட்டனர், வீட்டையும் மாற்றிக்கொண்டனர். வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலுள்ள சிறு தொலைவைக் குழந்தை நாள்தோறும் நடந்து கடக்கிறது. பெரியவர்களும் அத்தொலைவை வாரம் ஒருமுறையேனும் கடக்க வேண்டும் என்பதே அவர் வாழ்வு உணர்த்தும் பாடமாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் அங்கன்வாடி மையத்திற்குச் சென்று, பெற்றோரும் பணியாளரும் இணைந்து செய்யும் பணிகளைக் கண்டறிந்து அறிக்கையாக எழுதுக.

2. குழந்தைகள் இல்லத்தின் விதிகளுள் இன்றும் ஏற்கத்தக்கவை எவை, மாற்றத்தக்கவை எவை என்பது குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. வேலைக்குச் செல்லும் பெற்றோர் மையத்தோடு தொடர்பு கொள்ள ஏற்ற வழிமுறைகள் ஐந்தினை வகுத்து, உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவருக்குக் கடிதம் எழுதுக.